குற்றாலத்துக்காரரின் வீட்டைத் தேடி

ஈப்போவிலிருந்து கடல் தாண்டி வந்த நான் குற்றாலத்தில் முதலில் வாங்கித் தின்றது ரம்புத்தான். கடைத்தெருவில் ரம்புத்தானும் மங்குஸ்தானும் குவிந்து கிடந்தன. ஒரு கடையில் டுரியான்கூட இருந்தது. எங்கள் வீட்டுக் கொல்லையில் தானாக விழுந்து கிடக்கும் பழத்தை, விமானம் ஏறி வந்து விலை கேட்க எனக்கே சிரிப்பாக இருந்தது.

"இதெல்லாம் எங்கள் மலேசியாவிலும் உண்டு" என்றேன் பழக்கார அம்மாவிடம்.

அவர் நம்பவில்லை. "குத்தாலத்த விட்டா வேற எங்கன வெளையும்? நீங்க தின்னது டூப்ளிகேட்டா இருக்கும்க்கா" என்றார். பழம் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் ஊர்ப் பழத்தைவிடக் கொஞ்சம் புளிப்பு. பிரிட்டிஷ்காரர் காலத்தில் யாரோ எங்கள் பக்கத்திலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்களாக இருக்க வேண்டும். பிரேசிலிலிருந்து ரப்பர் விதையை எடுத்து எங்கள் மண்ணில் நட்டவர்களும் அதே ராஜ்யத்து ஆட்கள்தான். அதனால் நானும் அந்த அம்மாவிடம் வழக்காடவில்லை.

சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. குடை பிடிக்க வேண்டிய மழையில்லை. பிடிக்காமல் நின்றால் கால் மணி நேரத்தில் நனைந்துவிடும். ஊரே ஈரத்தலையோடும் தோளில் துண்டோடும் நடந்துகொண்டிருந்தது. பேரருவிக்குப் போனால் குளிக்கத் தடை. மலையில் பெய்த மழையில் செம்மண் நிறத் தண்ணீர் பாதுகாப்பு வளைவையும் தாண்டிக் கொட்டிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர்கள் விசிலடித்துக் கூட்டத்தை விலக்கினார்கள். எனக்கு முன்னால் நின்ற கேரளத்துக்காரர் ஒருவர் கைபேசியில் மனைவியிடம் மலையாளத்தில் சொன்னது இது: "அருவி இருக்கிறது. நமக்குத்தான் இல்லை. நீ சமைத்தே வை, ராத்திரிக்குள் வந்துவிடுவேன்."

"தண்ணி எறங்கிரும்க்கா. நாளைக்கோ மறுநாளோ தொறந்துருவாவ" என்றார் மைதீன். தென்காசியில் நான் அமர்த்திக்கொண்ட கார்க்காரர் அவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். சவூதியில், தம்மாமில் பல வருடம் டிரெய்லர் ஓட்டிவிட்டுத் திரும்பிச் சொந்தமாக ஒரு கார் வாங்கியிருந்தார். "குளிக்கவா இவ்ளோ தூரம் வந்திய?" என்று கேட்டார்.

குளிக்க மட்டும் வரவில்லை. நான் ஒரு வீட்டைத் தேடி வந்திருந்தேன். யாருடைய வீடு என்று கேட்டால் பெயர் சொல்லத் தெரியாது. அதுதான் சிக்கல்.

என் அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்தபோது அவருக்கு மீசைகூட முளைத்திருக்கவில்லை. அவரைத் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிச் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, கொண்டுபோனார்கள். பர்மா சண்டைக்குச் சாமான் அனுப்பக் கடல்வழி ஆபத்தாகிவிட்டதால், காட்டையும் மலையையும் வெட்டி ரயில்பாதை போட்டார்கள். வெள்ளைக்காரக் கைதிகள் ஒரு பக்கம், தமிழர்களும் மலாய்க்காரர்களும் பர்மியர்களும் மறுபக்கம். எங்கள் ஊரில் இன்றும் அதற்குப் பெயர் சயாம் மரண ரயில்.

முகாமில் காலரா வந்தபோது நோயாளிகளைத் தனிக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். அதற்குள் யாரும் போகமாட்டார்கள். அப்பா அங்கே கிடந்தார். ஒரு ஆள் மட்டும் காய்ச்சிய தண்ணீரும் உப்புக் கஞ்சியும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்துபோனார். வேறு ஏதோ தோட்டத்திலிருந்து பிடிபட்டவர். எல்லோரும் அவரைக் குற்றாலம் என்றே கூப்பிட்டார்கள். எப்போது பார்த்தாலும் அருவியைப் பற்றியே பேசுவாராம்.

அப்பாவைத் தூங்கவிடாமல் அவர் ஒரு வேலை செய்தார். கையைப் பிடித்துக்கொண்டு அருவிக்குக் கூட்டிப்போனார், வாயாலேயே. "கண்ண மூடாத லே. பாறை வழுக்கும். இந்தா, செண்பகாதேவிக்கு ஏறுதோம். மூச்சு வாங்குதா? நின்னுக்கோ. மேல தேனருவி வருது பாரு." அப்பா பிழைத்தார். சில நாளில் அந்த ஆள் அதே கொட்டகையில் படுத்து இறந்துபோனார். மற்றவர்களோடு சேர்த்து எரித்துவிட்டார்கள்.

அப்பா தொண்ணூறு வயதுவரை இருந்தார். ஒருமுறைகூட இந்தியா வந்ததில்லை. ஆனால் பேரருவி, அதற்கு மேலே செண்பகாதேவி, அதற்கும் மேலே தேனருவி, அந்தப் பக்கம் ஐந்தருவி என்று வழி சொல்லுவார். கடைசிக் காலத்தில் என்னிடம், "அவன் வீட்டுல யாருக்கும் தெரிஞ்சிருக்காதும்மா. போனா சொல்லிட்டு வா" என்றார்.

இதை மைதீனிடம் சொல்லி முடித்தபோது காருக்குள் கண்ணாடியெல்லாம் ஆவி படர்ந்திருந்தது. அவர் துண்டால் துடைத்துக்கொண்டே, "பேரு இல்ல, ஊரு இல்ல. வெறும் குத்தாலம்" என்றார். பிறகு, "குத்தாலத்துக்காரன்னு சொல்லுததெல்லாம் வெளியூருல போய்ச் சொல்லுதது அக்கா. நான் தம்மாம்ல குத்தாலம்னுதான் சொல்லுவேன். தென்காசின்னா எவனுக்குத் தெரியும்? அவரு இந்தச் சுத்துவட்டாரத்துல எந்த ஊராவும் இருக்கலாம்" என்றார்.

எனக்கு அது தோன்றவேயில்லை. ஆனால் அவர் சோர்ந்துவிடவில்லை. "தெரு குரூப்புல ஒரு வாய்ஸ் போடுதேன். அங்கேருந்து நாலு குரூப்புக்குப் போவும்" என்று கைபேசியை வாயருகே வைத்து என் அப்பாவின் கதை முழுவதையும் சொன்னார். நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னார்.

மறுநாள் காலைக்குள் மூன்று பேர் கூப்பிட்டார்கள். முதல் ஆள் மலேசியாவில் ஹோட்டல் வேலை கிடைக்குமா என்று கேட்டார். இரண்டாமவருடைய தாத்தா பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவராம். அதைக் கேட்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் வெகுநேரம் பேசினார். மூன்றாவது ஆள் வீரகேரளம்புதூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து கூப்பிட்டார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், பெயர் சுடலைமுத்து. "எங்க தாத்தா கூடப்பெறந்த தம்பி மலேயாவுக்குப் போயிட்டு வரல. நாளைக்கு வாங்க, பேசுவோம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அன்று முழுவதும் கையில் நேரமிருந்தது. "மலைக்கு அந்தப் பக்கம் ரப்பர் மரம் இருக்கு, பாக்கியளா?" என்றார் மைதீன். நான் முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள். திருவிழா பார்க்க வந்த கடைக்காரியைக் கடை பார்க்கக் கூப்பிட்ட மாதிரிதான். இருந்தாலும் போனேன்.

செங்கோட்டை தாண்டிப் புளியரைக்கு மேலே, மலைப்பாதை பாம்பாக வளையும் இடத்தில் டயர் பஞ்சர். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் கேரளத்துக்குப் போகும் லாரிகளின் வரிசை. ஒவ்வொரு லாரியும் எங்களைத் தாண்டும்போது ஹாரனடித்துத் தன் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டுப் போனது. புளியங்குடி எலுமிச்சை ஏற்றிய ஒரு லாரி நின்றது. ஓட்டுநர் இறங்கி ஜாக்கியைப் பிடித்தார். அந்த வளைவு முழுக்க எலுமிச்சை வாசம்.

கழற்றிய டயர் என் காலடியில் கிடந்தது. பழக்கதோஷம், விரலால் அழுத்திப் பார்த்தேன். சண்டை என்றால் எல்லோருக்கும் துப்பாக்கிதான் ஞாபகம் வரும். எனக்கு ரப்பர். லாரிக்கு டயர், விமானத்துக்கு டயர், விஷவாயு முகமூடி, மின்கம்பி உறை, சிப்பாயின் பூட்ஸ், மூழ்கும் கப்பலிலிருந்து தப்பிக்கிற ரப்பர் படகு. இவையில்லாமல் அந்தச் சண்டையை ஒரு நாள்கூட நடத்தியிருக்க முடியாது. உலகத்துக்கு வேண்டிய ரப்பரில் பெரும்பங்கு எங்கள் மலாயாவிலும் அதைச் சுற்றிய நாடுகளிலும் இருந்தது. அதை ஜப்பான் பிடித்தவுடன் அமெரிக்காவில் வீட்டுக்காரர்கள் பழைய டயரையும் தோட்டக் குழாயையும் கொண்டுவந்து கொட்டினார்கள் என்று படித்திருக்கிறேன். ரசாயனக்காரர்கள் செயற்கை ரப்பரோடு மல்லுக்கட்டினார்கள். சண்டை போட்டவர்கள் வீரர்கள் மட்டுமில்லை. அடுப்படியில் நின்றவர்களும் அதில்தான் இருந்தார்கள்.

ஸ்டெப்னி மாட்டி ஆரியங்காவு வந்து சேர்ந்தபோது பசி. சாலையோரக் கடையில் கப்பையும் மீன்கறியும். அவித்த மரவள்ளிக்கிழங்கை மசித்து, தேங்காயும் பச்சை மிளகாயும் சேர்த்து இலையில் வைத்தார்கள். ஆவி பறந்தது. எங்கள் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு நுழைந்ததே கிடையாது. ஜப்பான் காலத்தில் அரிசி வராமல் அதையே தின்று வயிறு வீங்கியவர் அப்பா. வாசனை வந்தாலே எழுந்து போய்விடுவார். நான் முதல் கவளத்தைக் கொஞ்சம் தயங்கித்தான் வாயில் வைத்தேன். இரண்டாவது இலை நானே கேட்டு வாங்கினேன்.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். நான் மலேசியா, ரப்பர் என்றதும் எதிரில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய தாத்தா சண்டைக் காலத்தில் இங்கே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டியவராம். "பர்மா அரிசி நின்னு போச்சு. கப்பதான் சோறு. ஆனா வேல மட்டும் ரெட்டிச்சு. மரத்துக்கு ரெஸ்ட்டே குடுக்கல்ல. ரெண்டு பக்கமும் வெட்டு, மேலேயும் வெட்டு. மரம் செத்தாலும் சாரமில்ல, போகட்டும், பால் வேணும்னு தொரை சொல்லுவாராம். தாத்தா அத நெனச்சு ரொம்ப வருத்தப்படுவாரு. மரத்துக்காக!" என்றார்.

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அதே வருடங்களில் அப்பாவின் தோட்டத்தில் பால்வெட்டே நின்றுபோயிருந்தது. ஜப்பானிடம் தேவைக்கு மேல் ரப்பர் சேர்ந்துவிட்டது. ஏற்றிப்போகக் கப்பல்தான் இல்லை. வேலையில்லாமல் லயத்து வரிசைவீடுகளில் பசியோடு உட்கார்ந்திருந்தவர்களைத்தான் ரயில்பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். இங்கே மரத்துக்கு ஓய்வில்லை, அங்கே மரத்துக்கு மட்டும் ஓய்வு. இரண்டு இடத்திலும் இலையில் இருந்தது இதே கிழங்கு. இதைச் சொன்னதும் கடைக்காரர் எழுந்தார். உள்ளே போய் எனக்கு இன்னொரு துண்டு மீன் எடுத்துவந்து வைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் பரோட்டாவும் நாட்டுக்கோழி வறுவலும் வாங்கிக் கொடுத்தார் மைதீன். எங்கள் ஊர் ரொட்டி சானாயின் சொந்தக்காரன் இந்தப் பரோட்டா என்பது பார்த்தவுடன் தெரிந்தது. எங்கள் ரொட்டி மெத்தென்று பணிந்துபோகும். இது அடித்து நொறுக்கினால்தான் வழிக்கு வரும். நான் அந்தக் கடையில் எந்தப் பக்கமும் சாயவில்லை, இரண்டையும் பாராட்டினேன்.

மூன்றாம் நாள் காலை சுடலைமுத்துவின் வீட்டுக்குப் போனோம். வாசலில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் மனைவி பேச்சியம்மாள் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். சுவரில் சீருடையில் மகன் படம். அவனும் ராணுவத்தில், வடக்கே எல்லையில் இருக்கிறான் என்றார்.

சுடலைமுத்து சுற்றி வளைக்கவில்லை. "எங்க சின்னத் தாத்தா பேரு சங்கரலிங்கம். எங்க தாத்தாகிட்டச் சண்ட போட்டுட்டுத்தான் கப்பலேறுனாரு. ஜப்பான் சண்ட தொடங்குன பொறவு ஒரு தகவலும் இல்ல. முடிஞ்சதும் மலேயாவுல இருந்து அவனவன் வந்தான், இவரு வரல. அங்கன ஒருத்தியக் கெட்டிக்கிட்டு எங்கள மறந்துட்டாருன்னு முடிவு பண்ணிட்டாவ. எங்க வீட்டுல அவரு பேர எடுக்கப்படாது. அமாவாசைக்கு எல்லாருக்கும் எள்ளுந்தண்ணியும் எறைப்போம், அவருக்குக் கெடையாது."

நான் அப்பாவின் கதையைச் சொன்னேன். அப்பா எனக்குச் செய்துகாட்டிய மாதிரியே, "இந்தா, செண்பகாதேவிக்கு ஏறுதோம்" என்றபோது பேச்சியம்மாள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார். சுடலைமுத்துவின் முகத்தில் அசைவில்லை. விசாரிக்க ஆரம்பித்தார்.

"ஆளு நெட்டையா?"

"நெட்டை என்றுதான் அப்பா சொன்னார். ஆனால் அப்பா படுத்துக் கிடந்தார். நின்றவர்கள் எல்லாருமே அவருக்கு நெட்டையாகத்தான் தெரிந்திருப்பார்கள்."

"வயசு?"

"முப்பதுக்கு மேல் இருக்கலாம் என்றார்."

"அது ஒத்துவருது. வேற?"

"தன் அக்காவைப் பற்றி அடிக்கடிச் சொல்லுவாராம். அக்கா கையால் வைக்கிற புளிக்குழம்பு பற்றி."

சுடலைமுத்து தலையை ஆட்டினார். "அவருக்கு அக்கா இல்ல. கூடப்பெறந்தது எங்க தாத்தா மட்டுந்தான்."

கடல் தாண்டி வந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் முடிந்துபோனதாகத்தான் எனக்குத் தோன்றியது. பேச்சியம்மாள்தான் பேசினார். "ஏன், பெரியம்மா மகள அக்கான்னு கூப்புட மாட்டோமா? இந்தத் தெருவுல பாதிப் பேரு எனக்கு அக்காதான்."

"அது சரி. ஆனா இவுகதான் சொல்லணும்." சுடலைமுத்து என்னை நேராகப் பார்த்தார். "அம்மா, நீங்க சொல்லுங்க. அவரு எங்க சின்னத் தாத்தாதானா?"

ஆமாம் என்று சொல்வது அந்த நேரத்தில் மிகவும் சுலபமாக இருந்தது. இரண்டு பேரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அப்பாவும் ஒருவேளை அதைத்தான் விரும்பியிருப்பார். ஆனால் அந்த மனிதரிடமிருந்து பெயர் உட்பட எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். அவர் செய்த காரியம் ஒன்றுதான் மிச்சம். அதையும் தப்பான வீட்டில் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"தெரியாது. அவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது" என்றேன். ஒருமுறை சயாமுக்குப் போயிருந்தபோது நான் பார்த்ததையும் சொன்னேன். கைதியாகச் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அங்கே வரிசை வரிசையாகக் கல் இருக்கிறது, பெயரோடு, புல் வெட்டி, பூச்செடி வைத்து. நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அவர்களுக்கு அப்படி ஒரு கல்லும் கிடையாது. எந்தப் பக்கத்து ராஜ்யமும் அவர்கள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

சுடலைமுத்து எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "பேர் தெரியாத சிப்பாய்க்கு நாங்க வருசாவருசம் சல்யூட் அடிச்சிருக்கோம். எவன், எந்த ஊருன்னு கேட்டா அடிச்சோம்?" என்றார். எங்களிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

பேச்சியம்மாள் விடவில்லை. "அவரு எவளையோ கெட்டிக்கிட்டு ஓடிட்டாருன்னு இத்தன வருசமா நம்புனிய. அத எவன் வந்து சாட்சி சொன்னான்? சாட்சி இல்லாமக் கெட்டத நம்பலாம், நல்லத மட்டும் நம்பப்படாதோ?"

சுடலைமுத்து ஜன்னலை விட்டுத் திரும்பி, "நாளக் கழிச்சு ஆடி அமாவாசை. குத்தாலத்துக்கு வருவேன். நீங்களும் வாங்க" என்றார். உடனே பேச்சியம்மாள் இலை போட்டுவிட்டார். சோறு, தீயல், அவியல், அப்பளம். தீயலில் வறுத்த தேங்காய் மணத்தது. நான் சாப்பிடச் சாப்பிட அவர் வைத்துக்கொண்டே இருந்தார். மைதீனுக்கும் அதே கவனிப்பு.

அமாவாசையன்று அருவி திறந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் பெண் போலீஸ் ஒருவர் எங்களை வரிசையாக உள்ளே விட்டார். "ஏட்டி, ஒரே எடத்துல நிக்காதிய, நகருங்க" என்ற அதட்டல் வேறு. தண்ணீர் தோளில் விழுந்த அடியில் மூச்சே நின்றுவிட்டது. அப்புறம் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. பக்கத்தில் முன்பின் தெரியாத பெண்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரிலும் அருவிகள் உண்டு, அழகானவை. இப்படி முதுகில் அறைந்து உபசரிக்கிற அருவி இல்லை.

ஆண்கள் கரையில் உட்கார்ந்து தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சுடலைமுத்து ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். அப்பா, தாத்தா, பூட்டன் என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்தி, "சங்கரலிங்கம்" என்றார். அவருக்கும் எள்ளும் நீரும் இறைத்தார். பிறகு, "பேர் தெரியாத ஒருத்தரும் உண்டு சாமி. சயாம்ல செத்தவரு. எங்க ஆளாயிருந்தா ரெண்டு தடவ கெடைக்கட்டும். இல்லேன்னா அவருக்கு ஒண்ணு" என்றார். மந்திரம் சொன்னவர் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர், கேட்காமல் கையில் இன்னும் கொஞ்சம் எள்ளை வைத்தார்.

எல்லாம் முடிந்து தலை துவட்டிக்கொண்டிருந்தபோது சுடலைமுத்துவின் கைபேசி அடித்தது. மகன். சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் அவர் கத்திப் பேசினார். கரையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"ஆமால, குத்தாலத்துலதான் நிக்கேன். எங்க தாத்தாவோட தம்பி இருந்தாருல்லா, மலேயாவுக்குப் போனவரு... ஆமா, அவருதான். அவரு ஓடிப்போகலலே. நோயில கெடந்தவனுக்குக் கஞ்சி ஊத்தப் போயிச் செத்திருக்காரு. அவராத்தான் இருக்கும்னு நானும் உங்கம்மையும் வச்சுக்கிட்டோம்... யாரு சொன்னதா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது.

"உங்க அத்த சொன்னா. மலேசியாவுல இருந்து வந்திருக்கா. இரு, குடுக்கேன், பேசு" என்று கைபேசியை என்னிடம் நீட்டினார். என் கை ஈரமாக இருந்தது. பேச்சியம்மாள் தன் தலைப்பாலேயே அதைத் துடைத்துவிட்டார்.